பதில் சொன்ன பிளாஷ்

அத்தியாயம் 9

"இதுல என்னக்கா இருக்கு? இருட்டு. அடுத்ததுல? அதுவும் இருட்டு. அறுபத்திமூணு படம் எடுத்திருக்கார் மனுஷன். கரண்ட் ஆபீஸ்காரன் வீட்டுக் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கு."

விசில் இப்படிச் சொல்லிவிட்டுக் கணினித் திரையைச் சட்டைக் கையால் இன்னொரு முறை துடைத்தான். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன். விசிலை அவன் விட்டுவிட்டான், பெயர் அவனை விடவில்லை.

எக்ஸ்ரே அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்திருந்தாள். அவளும் வேறு வேலையில் இருந்து வந்தவள்தான். ஆஸ்பத்திரியின் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்தாறு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவள். கறுப்புக்குள் ஒளிந்திருக்கும் வெள்ளையைத் தேடித் தேடிப் பழகிய கண். ஓய்வு பெற்றதும், சாவி வெட்டும் கடைக்கு மேலே இந்த இரண்டு அறைகளைப் பிடித்தாள். முன்னறை துப்பறியும் ஆபீஸ், பின்னறை வீடு. பின்னறையில் ரேடியோ சன்னமாக எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். என்ன பேசுகிறது என்று அவள் கவனிப்பதில்லை. வீட்டில் ஒரு குரல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர் நாற்காலியில் செத்துப்போனவரின் தங்கை உட்கார்ந்திருந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். போனில் கேட்டாலே போதும், ஆனாலும் தினமும் சாயங்காலம் நேரில் வந்துவிடுவாள். ஐந்து மணிக்கு அண்ணன் வீடு திரும்புகிற வழக்கம். அந்த ஐந்து மணிக்கு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய அண்ணனைத் துறைமுகத்தில் எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறவர், நாற்பத்துநாலு வயது. அலைத்தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சரக்குக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது. பத்தொன்பது நாளைக்கு முன்னால் மாஸ்டர் அதற்குள் போனார், திரும்பவில்லை. மறுநாள் காலையில் கப்பலின் ஒரு நடைபாதைக்குள், கதவிலிருந்து மூன்று கை தூரத்தில் கண்டெடுத்தார்கள். கதவு அகலத் திறந்திருந்தது. தலை உள்பக்கம் இருந்தது. கழுத்தில் காமிரா தொங்கியது.

தனியாக யாரும் அந்தக் கப்பலுக்குள் போகக் கூடாது. அந்த விதியை எழுதிப் பலகையில் மாட்டியவரே மாஸ்டர்தான். கரையில் ஒரு பலகை உண்டு, இறங்குகிறவர்கள் தங்கள் பெயர் எழுதிய வில்லையை அதில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். அன்றைக்கு ஒரே ஒரு வில்லைதான் தொங்கியது. விதியை எழுதியவர் தனியாகப் போயிருக்கிறார், திறந்த கதவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்துச் செத்திருக்கிறார். அறிக்கையில் அதற்கு மேல் எழுதவில்லை. எழுதாததை ஊர் குரலைத் தாழ்த்திப் பேசியது.

"அன்னிக்குக் காலையில நான் ஒண்ணு சொல்லிட்டேன்," என்றாள் தங்கை திடீரென்று. இத்தனை நாள் சொல்லாத விஷயம். "குழாய்க்கு வாஷர் வாங்கிட்டு வான்னு ஒரு வாரமாச் சொல்றேன். மறந்துட்டேன்னான். எனக்குக் கோவம். 'வீட்ல நீ இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்'னு சொல்லிட்டேன். அவன் ஒண்ணும் பேசல. பையை எடுத்துட்டுப் போயிட்டான்."

ரேடியோ பின்னறையில் எதற்கோ சிரித்தது.

"அவன் வேணும்னே போனானா மேடம்? எனக்கு அது மட்டும் தெரியணும். வேற எதுவும் வேண்டாம்."

அக்காவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரியில், 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்பதற்கு மேல் அவள் நோயாளிகளிடம் பேசியதில்லை. அவள் நாற்காலியைத் தங்கையின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"இந்தப் படங்களை முழுக்கப் படிச்சிட்டுச் சொல்றேன்மா. விசில், முதல்ல இருந்து போடு."

முதல் ஐந்து படங்கள் முழு இருட்டு இல்லை. பனி கொட்டுகிற மாதிரி வெள்ளைப் புள்ளிகள். இடது ஓரத்தில் வரிசையாக மூன்று ஆணித் தலைகள்.

"அந்த ஆணி கதவோட சட்டம்," என்றாள் அக்கா. "போலீஸ் கொடுத்த வரைபடத்துல இருக்கு. வெள்ளையா இருக்கிறது தரையில படிஞ்சிருந்த சேறு. கிளம்பி மிதக்குது. விசில், உன் பஸ்ஸோட புகை எந்தப் பக்கம் போகும்?"

"பின்னாடி. பின்னாடி வர்ற ஸ்கூட்டர்காரன் மூஞ்சியில."

"இவர் மூஞ்சிக்கு நேரே சேறு பறக்குதே. தனியாப் போறவரா இருந்தா அவர் கால் கிளப்பற சேறு அவர் முதுகுக்குப் பின்னாடிதானே இருக்கும்?"

விசில் திரையைத் துடைப்பதை நிறுத்தினான். "அப்ப முன்னாடி ஒரு பஸ் போயிருக்கு."

ஆறாவது படத்திலிருந்து பனியும் இல்லை, ஆணியும் இல்லை. வெறும் கறுப்பு. ஆனால் அந்தக் கறுப்புக்குள் கடுகளவுக்கு மங்கலாக ஒரு புள்ளி. லேசான மஞ்சள்.

"லென்ஸ்ல அழுக்குன்னு போலீஸ்ல சொன்னாங்க," என்றாள் தங்கை.

"அழுக்கு இடம் மாறாதும்மா. இது ஒரு படத்துல நடுவுல இருக்கு, ஒரு படத்துல மேல இருக்கு. பதினாலு படத்துல இருக்கு, அதுக்கப்புறம் வர்ற நாப்பத்திநாலு படத்துல இல்ல." அக்கா நிமிர்ந்தாள். "இந்த பிளாஷ் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியாம இனிமே ஒரு அடி நகர முடியாது. உங்கண்ணன் இதை எங்க ரிப்பேருக்குக் கொடுப்பார்?"

"அவனோட சிநேகிதர் கடைதான். சின்ன வயசுல இருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் நீந்துவாங்க. போன வருஷம் டாக்டர் அவருக்கு இதயம் சரியில்லன்னு தண்ணியில இறங்கக் கூடாதுன்னுட்டார். அதுல இருந்து கடையே கதின்னு கிடக்கார். பாவம், அவருக்கும் யாரும் இல்ல."

*

மறுநாள் சாயங்காலம் போனார்கள். கடை ஒரு பஸ் அகலம்தான் இருக்கும் என்று விசில் அளந்து சொன்னான். ஒரு பக்கம் மேஜை, அதன் மேல் சின்னச் சின்ன திருப்புளிகள் உயர வரிசையில். எதிர்ச் சுவர் முழுக்கத் தட்டுகள். தட்டுகளில் கண்ணாடி முகம் வைத்த பிளாஷ்கள், காமிராவைத் தண்ணீர் புகாமல் மூடும் பெட்டிகள், பளபளவென்று. ரிப்பேர்க்காரர் நெற்றியில் பூதக்கண்ணாடியோடு ஒரு ரப்பர் வளையத்தில் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"ஒரு தலைமுடி இதுல ஒட்டியிருந்தாலும் போச்சு. அந்த வழியாத் தண்ணி உள்ள வந்துடும்," என்றார், யாரும் கேட்காமலே. "உக்காருங்க. மாஸ்டர் விஷயமா வந்திருக்கீங்க. தங்கச்சி போன் பண்ணிச்சு."

அக்கா மாஸ்டரின் பிளாஷைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். போலீஸ் தங்கையிடம் திருப்பிக் கொடுத்தது. முதுகில் ஒரு திருகு, அதில் ஆட்டோ என்று ஓர் அடையாளம், முழுசு என்று ஓர் அடையாளம். திருகு முழுசில் நின்றது. ரிப்பேர்க்காரர் அதைத் தொடவில்லை. பார்த்தார், பிறகு ரப்பர் வளையத்தைப் பார்த்தார்.

"ஆட்டோன்னா என்ன சார்?" என்றான் விசில். "கண்டக்டருக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பேச ஆள் கிடைக்காத மனிதர்கள் தங்கள் தொழிலைப் பற்றிக் கேட்டால் எப்படி மலர்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. ரிப்பேர்க்காரர் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கீழ போகப் போகச் சூரிய வெளிச்சம் குறைஞ்சிடும். சிவப்பெல்லாம் செத்துப்போய் எல்லாம் நீலமாயிடும். அதனால கையோட வெளிச்சம் கொண்டு போகணும். ஆனா எவ்வளவு வெளிச்சம்? அரை அடி தூரத்துல நண்டு இருந்தா கொஞ்சம் போதும். ரெண்டு ஆள் தூரத்துல பாறை இருந்தா நிறைய வேணும். அதைக் காமிராவே கண்டுபிடிக்கிறதுதான் ஆட்டோ. நீங்க பட்டனை அமுக்கினதும், முதல்ல ஒரு குட்டி வெளிச்சத்தை விட்டு வேவு பார்க்கும். அது எதிர்ல இருக்கிறதுல பட்டுத் திரும்பி லென்ஸ் வழியா உள்ள வரும். எவ்வளவு திரும்புதுன்னு அளந்துட்டு, அப்புறம் நிஜ வெளிச்சத்தை விடும். போதும்கிற இடத்துல டக்குன்னு அறுத்துடும். இதெல்லாம் நீங்க கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"என் பொண்டாட்டி சம்பளக் கவரைப் பார்க்கிற வேகம்," என்றான் விசில். "அதனாலதான் இப்ப என்கூட இல்ல."

"பக்கத்துல ஏதாவது இருந்தா?" என்றாள் அக்கா.

"சீக்கிரம் அறுந்துடும். வெள்ளி மாதிரி மின்னற மீன் குறுக்க வந்தாப் போதும், காமிரா ஏமாந்துடும். சேறு கிளம்பினாலும் அப்படித்தான். தூசி மூஞ்சிக்கு நேரா நின்னு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், காமிரா போதும்னுடும். தூசிக்கும் மனுஷனுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. எதிர்ல வெறும் தண்ணின்னா இன்னும் பரிதாபம். விட்ட வெளிச்சம் எதுலயும் படாது, திரும்பியே வராது. பத்தல, பத்தலன்னு இருக்கிறதையெல்லாம் கொட்டிடும். கொட்டிட்டு, மறுபடி நிரம்ப நாலஞ்சு நொடி சும்மா நிக்கும்."

"காமிரா பெட்டிக்குள்ள இருக்கு. பிளாஷ் வெளியில கம்பியில நிக்குது. போதும்கிறதை அது எப்படி இதுக்குச் சொல்லும்?"

"நல்ல கேள்வி!" அவர் எழுந்தே விட்டார். ஒரு கறுப்பு வயரை எடுத்து அதன் நுனியைக் காட்டினார். "இது கரண்ட் வயர் இல்ல. உள்ள கண்ணாடி நூல். காமிராவோட சொந்த பிளாஷ் ஒண்ணு பெட்டிக்குள்ள குட்டியா எரியும். அந்த வெளிச்சம் இந்த நூல் வழியாப் போய், பிளாஷோட இந்தத் துளைக்குள்ள விழும். உள்ள ஒரு கண் இருக்கு. அது எரிஞ்சா இது எரியும், அது நின்னா இது நிக்கும். நிழல் மாதிரி. கொஞ்சங்கூடப் பிசகாது."

அக்கா அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரிசி மணி அளவுதான் இருந்தது.

"வயரை எடுத்துட்டா, இந்தத் துளை மேல வேற ஏதாவது வெளிச்சம் பட்டா? வேற ஒரு பிளாஷ் எதிர்ல அடிச்சா?"

"ஒண்ணும் ஆகாது," என்றார் ரிப்பேர்க்காரர்.

பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்றினார். "கடை சாத்தணும். நேரமாச்சு."

*

தெருவில் இறங்கி, எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் இருந்தது. மற்ற கடையெல்லாம் திறந்துதான் இருந்தன.

"தங்கமான மனுஷன்க்கா. அரைமணி நேரம் வகுப்பெடுத்தார். எனக்கு ஸ்கூல்ல இப்படி ஒரு வாத்தியார் இருந்திருந்தா நான் விசில் ஊதியிருக்க மாட்டேன்."

"அரைமணி நேரம்," என்றாள் அக்கா. "கேட்காததுக்கெல்லாம் பக்கம் பக்கமாப் பதில். கடைசியா ஒண்ணு கேட்டேன். எத்தனை வார்த்தை சொன்னார்?"

விசில் விரலை மடக்கினான். "ரெண்டு."

"டக்குன்னு அறுந்துச்சு பார்த்தியா? பக்கத்துல ஏதோ இருக்கு, விசில். அதுல பட்டுத்தான் திரும்பியிருக்கு."

விசில் வாயைப் பிளந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க பாடம் கேட்டுக்கிட்டிருந்தப்ப நான் தட்டைப் பார்த்துக்கிட்டிருந்தேன். எல்லாம் கண்ணாடி மாதிரித் துடைச்சு வெச்சிருக்கு. மேல் தட்டுல ஒண்ணே ஒண்ணு மட்டும் வெள்ளையாப் பூத்துப்போய் இருக்கு. உப்பு. மூஞ்சியில ஒரு மஞ்சள் மூடி. ஷாம்பு பாட்டிலோட அடிப்பக்கத்தை வெட்டி மாட்டின மாதிரி."

"வயர்?"

"இல்ல. துளை திறந்துதான் இருக்கு."

கடலில் இறங்கி வந்த எதையும் நல்ல தண்ணீரில் அலசாமல் வைக்கிற ரிப்பேர்க்காரர் உலகத்தில் கிடையாது. பதினாலு மாசமாகக் கடலில் இறங்காதவரின் கடையில் உப்பு பூத்த பிளாஷ். அதை அலசவில்லை என்றால் மறந்திருக்க மாட்டார். தொட முடியாமல் இருந்திருப்பார்.

அக்கா எழுந்தாள். "வா. மேல் தட்டுல இருக்கிறதோட சுவிட்சை மட்டும் நீ போட்டுடு. வாயைத் திறக்காதே."

"எதை மூடணும், எதைத் திறக்கணும்னு பத்து வருஷமாச் சொல்லிக்கிட்டுதான் இருக்கீங்க," என்று முனகியபடி விசில் பின்னால் போனான்.

ரிப்பேர்க்காரர் கடையைச் சாத்தியிருக்கவில்லை. அதே நாற்காலியில், அதே ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒரே ஒரு நிமிஷம் சார். மாஸ்டரோட பிளாஷ் இன்னும் எரியுதான்னு பார்த்துடறேன். தங்கச்சி கேட்கும்." அக்கா கதவருகே இருந்த சுவிட்சை அணைத்தாள். விசில் கதவை இழுத்து மூடினான். இருட்டில் அவனுடைய செருப்புச் சத்தம் தட்டுப் பக்கம் போய் நின்றது. மேலே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விழித்தது.

அக்கா பட்டனை அமுக்கினாள்.

கடை முழுக்க வெள்ளையாய் ஒரு வெட்டு. அதே கணத்தில், மேல் தட்டிலிருந்து, இளமஞ்சளாய் இன்னொன்று.

நாலைந்து நொடி கழித்து அக்கா மறுபடி அமுக்கினாள். வெள்ளை. மஞ்சள். மூன்றாவது தடவை அவள் அமுக்கப் போகும்போது இருட்டிலிருந்து குரல் வந்தது.

"போதும். தயவுசெஞ்சு போதும்."

விசில் விளக்கைப் போட்டான். ரிப்பேர்க்காரர் இரண்டு கைகளாலும் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

"நான்தான் கெஞ்சினேன்," என்றார் கைகளை எடுக்காமலே. "ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போடா, செத்தா அங்கயே சாகறேன்னு. வருஷம் முழுக்கக் கேட்டேன். வேண்டாம்டா வேண்டாம்டான்னுதான் சொன்னான். அன்னிக்கு என்னமோ, கடைக்கு வந்தவன், சரி வா, பத்து நிமிஷம்னான். என் வில்லையைப் பலகையில மாட்ட முடியாதே, எனக்குத்தான் அனுமதி இல்லையே. கப்பலுக்குள்ள நான் முன்னாடி போனேன். பழக்கம் விட்டுப்போச்சு, காலை எப்படியோ உதைச்சிட்டேன். சேறு கிளம்பிடுச்சு. கை தெரியல. தடுமாறினதுல வயர் பிடுங்கிக்கிச்சு, காமிரா எங்கயோ போச்சு. பிளாஷ் மட்டும் கையில இருந்துச்சு. நெஞ்சு அடிச்சுக்குது. அப்ப அது தானா எரிஞ்சுது."

"அவர் அடிக்க அடிக்க."

"அவன் அடிக்க அடிக்க. ஒவ்வொரு தடவையும் மூஞ்சிக்கு நேரா. கண்ணு போச்சு. அவன் மாட்டிக்கிட்டான், என்னைக் கூப்பிடறான்னு தெரிஞ்சுது. நான்... நான் சுவிட்சை அணைச்சிட்டேன். முன்னாடி மேல ஒரு ஓட்டை, சரக்கு இறக்கற வழி. அதுல ஏறி வெளியில வந்துட்டேன். கரைப் படிக்கட்டுல உக்காந்து பார்த்தேன். அவனுக்குத் தெரியாத வழியா அந்தக் கப்பல்ல? வந்துடுவான்னு நெனச்சேன். கடைக்கு வந்தேன். போன் இதோ இந்த மேஜை மேலதான் இருந்துச்சு. சொன்னா, நான் இறங்கினது தெரிஞ்சிடும், அவன் பேரு கெட்டுடும்னு... இல்ல. பொய். பயம். வெறும் பயம். வந்துடுவான், வந்துடுவான்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவன் கூப்பிட்டான். நான் விட்டுட்டு வந்துட்டேன்."

அக்கா அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். மனசைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"அவர் உங்களைக் கூப்பிடல சார்."

ரிப்பேர்க்காரர் கைகளை எடுத்தார்.

"முதல் அஞ்சு படத்துலயும் ஓரத்துல கதவுச் சட்டம் இருக்கு. அவர் மாட்டிக்கல. வாசல்லதான் நின்னார். நாலு தடவை காலை அசைச்சா வெளியில. ஆட்டோவுல அடிச்சார், நீங்க சொன்னீங்களே, சேறு வெளிச்சத்தை மறிச்சு அறுத்துடுச்சு. அது உங்க வரைக்கும் வராதுன்னு அவருக்குத் தெரிஞ்சுது. அதனால திருகை முழுசுல வெச்சார். பிளாஷை லென்ஸ் பக்கத்துல இருந்து தள்ளி, கம்பியோட உசத்தி உள்பக்கமாத் திருப்பினார். அதனாலதான் படமெல்லாம் கறுப்பு. படம் எடுக்கிறவர் அப்படிச் செய்ய மாட்டார். அந்த வெளிச்சம் உங்களுக்கு. வாசல் இங்க இருக்கு, இங்க வான்னு."

ரிப்பேர்க்காரர் மேல் தட்டைப் பார்த்தார்.

"படத்துல பதிஞ்ச நேரப்படி, இருபது நொடிக்கு ஒரு தடவை அடிச்சார். ஒவ்வொரு தடவையும் உள்ள இருந்து ஒரு மஞ்சள் பதில் வந்துச்சு. நீங்கதான் பதில் சொல்றீங்கன்னு நெனச்சிருக்கார். பதினாலு பதில். அப்புறம் நின்னு போச்சு."

"நான் அணைச்சப்ப..."

"உங்க இதயத்துக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிருப்பார்."

ரிப்பேர்க்காரரின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது.

*

தங்கையின் வீடு மூன்றாவது மாடி. மணி ஆறரை. அன்றைக்கு மட்டும் அக்காவே அவளைத் தேடி வந்திருந்தாள். அக்கா சொன்னதையெல்லாம் தங்கை நின்றபடியே கேட்டாள், சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பதில் நின்னதுக்கு அப்புறமும் நாப்பத்திநாலு படம் இருக்குன்னீங்களே?"

"ஆமாம்மா. இருபது நொடிக்கு ஒண்ணா அடிச்சவர், அப்புறம் முப்பத்தெட்டு நொடிக்கு ஒண்ணுன்னு குறைச்சுக்கிட்டார். ஒரே சீரா, பிசகாம. பேட்டரி தீர்ந்துடக் கூடாதுன்னு. சாகணும்னு போறவர் பேட்டரியை மிச்சம் பிடிப்பாராம்மா? அப்படியே இருபத்தெட்டு நிமிஷம் வாசல்ல நின்னார். அதுக்கும் சிநேகிதர் வரலன்னதும், தேடிக்கிட்டு உள்ள போனார். தலை அதனாலதான் உள்பக்கம் இருந்துச்சு. மூணு கை தூரம் போறதுக்குள்ள காத்து தீர்ந்துடுச்சு."

தங்கை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நான் சொன்னதுக்காக இல்ல."

"இல்ல. அவர் தனியாவும் போகல. தான் எழுதின அந்த விதியையும் மீறல. அறிக்கையை மாத்தி எழுத வைக்கிறது என் வேலை."

"முப்பத்தெட்டு நொடின்னா எவ்வளவு நேரம்?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நொடிமுள் மேலே ஏறி, கீழே இறங்கியது. பக்கத்து வீட்டில் யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். தெருவில் ஒரு வண்டி வந்து, நின்று, போனது. முள் இன்னும் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நீளமாக இருக்கும் என்று அக்காவே நினைத்திருக்கவில்லை.

"இவ்வளவு," என்றாள்.

"நாப்பத்திநாலு தடவையா?"

"நாப்பத்திநாலு தடவை."

தங்கையின் முகம் கோணியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "பொறுமையே கிடையாது மேடம் அவனுக்கு. பஸ்ஸுக்குக்கூட நிக்க மாட்டான். நடந்தே போயிடுவான். அவனா நின்னான்?"

வாசலில் விசில் தலையை நீட்டினான். மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. ஆனால் நக்கல் எதுவும் வரவில்லை.

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னாடி உங்களைப் பார்க்கணும்கிறார். கீழ படிக்கட்டுல நின்னவரை, மெதுவா ஏறச் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன். வெளியில நிக்கிறார். திருப்பி அனுப்பினாலும் சரிங்கிறார். என்ன சொல்லட்டும்?"

தங்கை எழுந்து போய், விசிலை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்து நின்று கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நிக்கட்டும்," என்றாள். "எங்கண்ணன் நின்ன மாதிரி நிக்கட்டும். நான் எண்ணறேன்."

அக்கா தடுக்கவில்லை. தங்கை உதடு அசைய எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கதவுக்கு அந்தப் பக்கம், நோயாளி ஒருவர் மூச்சைச் சேர்த்துக்கொள்கிற சத்தம் கேட்டது. ஏழு, எட்டு. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினொன்று. கால் மாற்றி நின்றாள். கடிகாரத்தை முறைத்தாள்.

பதினாறுக்கு மேல் அவளால் முடியவில்லை. திரும்பிக் கதவைத் திறந்துவிட்டாள்.